பசளை மூடையும் குளக்கட்டும்

சென்ற தவணை முடிவிலே பாடசாலையொன்றில் நிகழ்ந்த விவாத அரங்குக்கு நடுவருள் ஒருவனாகச் சென்றிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு இவ்வகை அழைப்புக்கள் மருந்து போன்றவை. விவாதப் பொருள் இது: "அரசாங்கத்தின் பணம் கமத்தொழிலை வளர்ப்பதற்கே செலவிடப்படல் வேண்டும்; இயற்கை வளத்தைப் பேணுதல் அதற்குப் பின்னரே." இரு பக்கத்து மாணவரும் நன்றாகவே பேசினர். ஒரு பக்கத்தார் பசியைப் பற்றிப் பேசினர். மற்றப் பக்கத்தார் காட்டைப் பற்றிப் பேசினர். ஒருவர் பசளை மானியத்தைப் புகழ, மற்றவர் மண்ணரிப்பை எடுத்துக்காட்டினார். பசியின் பக்கம் பேசியோர் சொல்வன்மையால் மேம்பட்டமையின் வெற்றியை அவர்களுக்கே அளித்தோம்.

கூட்டம் கலையும் வேளையில், சபையிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் ஊர்க் குளத்தைத் திருத்துகிற காசை எந்தப் பக்கத்தார் கணக்கில் எழுதுவது?" என்று கேட்டாள். சிலர் சிரித்தனர். நானும் ஏதோ ஒரு மறுமொழி கூறி அமர்ந்தேன். என்ன கூறினேன் என்பது இப்பொழுது எனக்கே நினைவில்லை. அத்துணைப் பயனற்ற மறுமொழி அது. வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வினா என்னை விடவில்லை. அம்மாணவிக்கு நான் கடன்பட்டுள்ளேன். அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

நான் பிறந்த ஊர் வன்னியிலே ஒரு சிறு குளத்தின் கீழ் அமைந்தது. அக்குளத்தை நம்பிய வயல் அறுபது ஏக்கர் அளவினது. நகரத்து அன்பர்கள் குளமென்றதும் கட்டையும் நீரையுமே நினைப்பர். கமக்காரனுக்குக் குளமென்பது அவ்வளவில் முடிவதன்று. குளத்துக்கு மேலே காடு. காட்டின் ஓரத்திலே புற்றரை. மழைவெள்ளம் அவ்விரண்டையும் கடந்து வருகையில் மண்ணை அங்கே விட்டுத் தெளிந்து குளத்தினுட் சேரும். அலைகரையிலே மருதும் நாவலும் நிழல் செய்யும். நீர் மிகுந்தால் வான் பாயும். வேண்டும்போது துருசு திறக்கப்படும். கட்டுக்கும் வயலுக்கும் இடையே இன்னுமொரு மரச்செறிவு உண்டு. கட்டினூடாகக் கசியும் உவரை வயலுக்குச் செல்லவிடாது தடுப்பது அதுவே. இவற்றுள் எதனை நீக்கினும் குளம் குளமாக நில்லாது.

இக்குளங்கள் தனித்தனியே கிடப்பனவுமல்ல. ஒரு பள்ளத்தாக்கிலே மேற்குளத்தின் வயலிலிருந்து வடியும் நீர் கீழ்க்குளத்தை நிரப்பும். அதன் வடிநீர் அடுத்ததை நிரப்பும். ஒரே மழைத்துளி மூன்று நான்கு ஊர்களுக்குச் சோறிடும் இவ்வொழுங்கினைக் குளத்தொடர் என்கின்றோம். பேராசிரியர் மத்தும பண்டார அவர்கள் 1985இல் இத்தொடர்களைப் பற்றி எழுதிய ஆய்வு, அறிஞர்களின் கண்ணை இப்பக்கம் திருப்பியது. 2017இல் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனம் இலங்கையின் உலர்வலயக் குளத்தொடர்களை உலக முக்கியத்துவம் வாய்ந்த கமத்தொழில் மரபுரிமையாக ஏற்றது. இன்றும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குளங்கள் இந்நாட்டிற் பயன்பாட்டில் உள்ளன. நம் முன்னோர் கமத்தையும் காவலையும் வேறு வேறு தலைப்புக்களில் எழுதி வைக்கவில்லை. ஒன்றைச் செய்தால் மற்றதும் செய்யப்பட்டதாகவே அவர்கள் வேலை அமைந்தது.

அக்காலத்தைப் பொற்காலமென்று பாட நான் முன்வரவில்லை. குளத்தைப் பேணியது பெரும்பாலும் கட்டாய உழைப்பு. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது நன்றே. ஆயின், இனிக் குளக்கட்டுக்கு மண் சுமப்போர் யார் என்னும் வினாவுக்கு விடை காணாமலே அது ஒழிக்கப்பட்டது. 1856இல் நெற்செய்கை நீர்ப்பாசனத்துக்கென ஒரு கட்டளைச் சட்டம் ஆக்கிப் பழைய வழக்கங்களுக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டவிதானையாரின் அதிகாரத்தை அகற்றிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. குத்தகைக் கமக்காரனுக்குக் காப்பளித்த அச்சட்டத்தை நான் குறைகூறேன். என் தந்தையார் அதனை வாழ்த்தியவர். ஆயினும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் குளம் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டது. இன்று மேற்காடு ஒரு திணைக்களத்துக்குரியது, சிறு குளத்தின் கட்டும் துருசும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியன, விதைக்கும் பசளைக்கும் வேறு அலுவலகங்கள், வயல் கமக்காரனுடையது. இத்தனை பேருக்குரிய பொருள் ஒருவருக்கும் உரியதன்று. மாணவி கேட்ட வினாவின் வேர் இங்கேயே உள்ளது.

இனி, அரசாங்கத்தின் பணம் பெரும்பாலும் எவ்வழியாகக் கமக்காரனிடம் வந்தது என்பதைப் பார்ப்போம். 1950களின் இறுதியில் எச்-4 போன்ற புதிய நெல்லினங்கள் வந்தன. அவை பசளையை வேண்டின. பசளையிட்டார்க்கு மிகுதியாக விளைந்தன. ஏழைக் கமக்காரனும் அப்பயனைப் பெற வேண்டுமென்றே 1962இல் பசளை மானியம் தொடங்கிற்று. நோக்கம் உயர்ந்தது, பயனும் கண்கூடு. வெளிநாட்டு அரிசிக்குக் கையேந்திய நாடு தன் சோற்றைத் தானே பெரும்பாலும் விளைவிக்கும் நிலையை அடைந்ததில் அம்மூடைக்கும் பங்குண்டு.

ஆனால், உதவியாகத் தொடங்கியது காலப்போக்கிற் தேர்தல் வாக்குறுதியாக மாறியது. 1990இல் மானியம் நிறுத்தப்பட்டது. 1994இல் மீண்டும் வந்தது. 2005இல் ஐம்பது கிலோ மூடை 350 ரூபாவென்று ஆயிற்று. 2016இல் மூடைக்குப் பதிலாகப் பணம். 2018இல் பணத்துக்குப் பதிலாக மீண்டும் மூடை. 2020இல் நெற்செய்கைக்குப் பசளை இலவசம். அடுத்த ஆண்டு, 2021 மே மாதத்தில், இரசாயனப் பசளையின் இறக்குமதிக்கே தடை! இலவசமாகக் கிடைத்த பொருள் ஓராண்டுக்குள் காசு கொடுத்தும் கிடையாத பொருளாயிற்று. இவ்வாறு ஆடும் ஊஞ்சலிலே அமர்ந்து எந்தக் கமக்காரன் தன் மண்ணைப் பற்றிப் பத்தாண்டுக் கணக்குப் போடுவான்?

2021ஆம் ஆண்டின் தடை மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பதற்கென்று கூறப்பட்டது. அந்நியச் செலாவணியை மீதப்படுத்தும் எண்ணமும் அதனோடு கலந்திருந்தது. இயற்கைப் பசளையை நான் வெறுப்பவனல்லன். எரு வண்டிலின் பின்னே நடந்து வளர்ந்தவன் நான். ஆயின் அந்த ஆண்டு நடந்தது வேறு. என் தம்பி இன்றும் எங்கள் குளத்தின் கீழ் ஐந்து ஏக்கர் விதைக்கிறான். 2021/22 காலபோகத்தில் வழக்கமான விளைச்சலிற் பாதிதானும் அவன் வீடு வந்து சேரவில்லை. நாடு முழுவதிலும் அக்காலபோக நெல் அதற்கு முந்திய காலபோகத்திலும் மூன்றிலொரு பங்குக்கு மேற் குறைந்தது. 2021 நவம்பரிலே தடை நீங்கியது. ஆயின் பயிருக்குப் பசளை வேண்டிய நாள் அதற்காகக் காத்திருக்கவில்லை. 2022 சனவரியில், நட்டமடைந்த நெற்செய்கையாளருக்கு 4,000 கோடி ரூபா இழப்பீடு வழங்கப்படுமென்று அரசாங்கம் அறிவித்தது.

அந்நாட்களில் ஊருக்குச் சென்றபோது, மண்ணைக் காக்க வேண்டியதன் அவசியத்தைத் தம்பிக்கு எடுத்துரைக்கத் தொடங்கினேன். ஆசிரியரின் பழக்கம் ஓய்வுபெற்ற பின்பும் போவதில்லை. அவன் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். பின்பு, "அண்ணை, மண் களைச்சுப் போச்சுதெண்டு எனக்குத் தெரியாதே? உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். ஆனா மண்ணைத் திருத்தி எடுக்கிற அஞ்சு வருசத்துக்கு ஆர் எனக்குச் சோறு போடுறது?" என்றான்.

அதன்பின் நான் பேசவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. அரசாங்கத்தின் செலவைப் பற்றிய விவாதம் முழுவதும் அக்கேள்வியில் அடங்கியிருப்பதாக இன்று எண்ணுகிறேன். 2021இல் பாதுகாப்பு என்னும் பெயரால் திறைசேரி செலவிட மறுத்தது. அச்செலவு முழுவதையும் கமக்காரன் தலையிற் சுமத்தியது. செலவில்லாத பாதுகாப்பென்று ஒன்று உலகில் இல்லை. அரசு செலவிடாவிட்டால் ஏழை செலவிடுவான். அவனாலும் இயலாவிட்டால் நிலம் செலவாகும். அவ்வாண்டின் தோல்வியைக் காட்டி, இயற்கையைப் பேணுதல் என்ற பேச்சே வேண்டாமென்பார் இன்று பலருளர். தோற்றது ஆயத்தமில்லாத ஓர் ஆணை. அதனால் மண்ணைப் பேண வேண்டிய கடமை தோற்றுவிடவில்லை.

கமத்தொழிற் போதனாசிரியராகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற நண்பரொருவர் என்னுடன் வேறுபடுகிறார். "பசளைக் காசு ஏக்கர் கணக்கிலே அளக்கப்படுகிறது, எவருக்கு எவ்வளவு என்பது எழுத்தில் உள்ளது, அதே போகத்தில் நெல்லாகத் திரும்புகிறது. நீர் சொல்லும் குளக்காடு இருபது ஆண்டின் பின்னர் அல்லவா பலன் தரும்? பசித்தவன் அதுவரை காத்திருப்பானா?" என்பது அவர் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. விதைப்புக் காலத்திலே கமக்காரன் கையிற் காசில்லை. 2024/25 காலபோகம் முதல் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம் இரண்டு ஹெக்டேயர் வரைக்கும் வழங்கப்படும் மானியம் அவனைக் கடன்காரன் வாசலிலிருந்து சிறிது தூரமாவது விலக்குகிறது. அதனைப் பறிக்குமாறு கூற எனக்கு மனம் வராது.

எனினும், நண்பரின் கணக்கிலே ஒரு வரி விடுபட்டுள்ளது. பசளை இட்ட நிலத்துக்கு உரிய காலத்தில் நீர் வராவிடின், அம்மூடையின் விலை முழுவதும் நட்டமே. குளம் தூர்ந்தால் மானியமும் தூர்ந்துபோகிறது. மேலும், நெல்வயல் உள்ளவனுக்கே அம்மானியம் சேரும். குளமோ வயலில்லாதவனுக்கும் உதவும். அவனுடைய மாடு அங்கே நீர் குடிக்கும். அவனுடைய வளவுக் கிணறு குளத்தில் நீர் நிற்கும்வரை வற்றாது. அவன் பிள்ளை அங்கே மீன் பிடிக்கும். பசளைக் காசு ஒரு போகத்துடன் முடிவது. குளத்துக்கு இட்ட காசு, முறையாக இடப்படின், அடுத்த தலைமுறைக்கும் செல்வது.

'முறையாக' என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டேன். பாதுகாப்புக்கென்று பணம் ஒதுக்கினாற் போதும், யாவும் நலமாகும் என்று விவாத அரங்கிலே மறு பக்கத்தார் நம்பினர். எங்கள் குளத்துக்கும் சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வாறு பணம் வந்தது. தொகையைக் குறித்த பெயர்ப்பலகையொன்று முதலில் வந்தது. பின்னர் ஊரார் 'பெக்கோ' என வழங்கும் மண்வாரி இயந்திரம் வந்தது. கமக்காரர் ஒருவரையும் கேளாமல், குளத்தின் நடுவே ஆழமாகத் தோண்டினர். தோண்டிய மண்ணை அலைகரையிலே குவித்துவிட்டுச் சென்றனர். இயந்திரம் செல்வதற்கு வழிவேண்டி மேற்கரை மரங்கள் சாய்க்கப்பட்டன. அடுத்த மாரியிலே குவித்த மண் அத்தனையும் மழையோடு குளத்துக்கே திரும்பியது. நடுவிலே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் துருசு மட்டத்துக்குக் கீழே கிடப்பதால் வயலுக்குப் பாயாது. பெயர்ப்பலகை மாத்திரம் இன்றும் உறுதியாக நிற்கின்றது. தாள்களின்படி அது 'பாதுகாப்பு'ச் செலவு. ஆதலின் எத்தலைப்பிலே எழுதுவது என்பதோடு, எவரைக் கேட்டுச் செலவிடுவது என்பதும் வினாவாகிறது.

வன்னியின் கதையை இவ்வளவில் நிறுத்தி யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புக்களிலே தேங்கும் மழைநீரே குடிக்கவும் இறைக்கவும் உள்ளது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் அளவுக்கு மிஞ்சி இடும் பசளை, மெல்லிய செம்மண்ணைக் கடந்து கல்லினூடாகக் கிணற்றை அடைகிறது. கமம் செறிந்த இடங்களின் கிணறுகளிலே நைத்திரேற்று குடிநீருக்குரிய அளவைக் கடந்திருப்பதை ஆய்வாளர் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளனர். துலாவால் இறைத்த காலத்தில் மனித உழைப்பே ஓர் எல்லையாக இருந்தது; நீரிறைக்கும் இயந்திரத்துக்கு அவ்வெல்லை இல்லை. மிகுதியாக இறைத்த இடங்களில் கடல்நீர் உட்புகுந்தது.

விளைவு யாது? குடிநீருக்கு வேறு வழி தேட நேர்ந்தது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் திட்டம் வகுக்கப்பட்டபோது, தங்கள் வயலுக்கே போதாத நீர் இதுவென்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். இருசாராரும் நம்மவர், இருசாராரின் தேவையும் உண்மையானது. ஈற்றிலே தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. கிணற்று நீர் கெட்டமைக்குப் பசளை ஒன்றே காரணமென்று நான் கூறவில்லை. மலசல கூடக் குழிகள் முதலாகக் காரணங்கள் பல. ஆயினும் நிலத்தடி நீரைப் பேணச் செலவிடாத நாடு, பின்பு கடலைக் காய்ச்சிக் குடிக்கும் அளவுக்குச் செலவிட நேர்கிறது என்பதை மறுக்க முடியுமா? முதற் செலவைப் 'பாதுகாப்பு' என்று பெயரிட்டுப் பின்தள்ளியவர்கள், இரண்டாவது செலவை 'அபிவிருத்தி' என்று பெயரிட்டுத் திறப்புவிழாச் செய்கின்றனர்.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகக் கூறுவேன். முதலாவது, மானியத்தைத் திடீரென நிறுத்தலாகாது. மண்ணைத் திருத்தும் காலத்திலே கமக்காரனுக்கு ஏற்படும் நட்டத்தை அரசு தாங்கல் வேண்டும். மண்ணைச் சோதித்து, அம்மண்ணுக்கு வேண்டிய அளவு இதுவென்று கூறும் பணியும் மானியத்தோடு சேர்ந்து வரல் வேண்டும். மூடையைக் கொடுத்துவிட்டு அளவைச் சொல்லாதிருப்பது, மருந்தைக் கொடுத்துவிட்டு வேளையைச் சொல்லாதிருப்பது போன்றது.

இரண்டாவது, ஒவ்வொரு குளத்தின் கீழும் வழங்கப்படும் மானியத்தோடு அதிற் பத்திலொரு பங்கை மேலதிகமாகக் குளத்தின் பெயரிலேயே எழுதுவோம். கணக்குப் பார்ப்போம். எங்கள் அறுபது ஏக்கர் ஏறத்தாழ இருபத்துநான்கு ஹெக்டேயர். இப்போதைய வீதப்படி ஒரு போகத்துக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா மானியம். அதிற் பத்திலொன்று அறுபதினாயிரம். இது பெருந்தொகையன்று, பெக்கோ இயந்திரம் சில நாட்களில் விழுங்கிவிடும். ஆயின், ஆண்டு தவறாது வருமாயின், துருசுக் கதவைச் சீர்செய்யவும் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் கட்டிலே தோன்றிய சிறு வெடிப்பை அது பெருகுமுன் அடைக்கவும் மேற்கரையில் மருதங்கன்று நட்டு நீரூற்றவும் உதவும். அவ்வேலைக்கு ஊரவருக்கே கூலி கொடுக்கலாம். பழைய கட்டாய உழைப்பு மீண்டும் வேண்டாம். அவ்வுழைப்பிலிருந்த ஒழுங்கே வேண்டும்.

மூன்றாவது, அப்பணத்தை எங்கே இடுவதென்பதை விதைப்புக்கு முன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே கமக்காரரே முடிவு செய்க. 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் கமக்காரர் அமைப்புக்களுக்கு இடமுண்டு. விதைப்பு நாளையும் நீர் விடும் நாளையும் தீர்மானிக்கும் கூட்டத்துக்கு, தன் குளத்தின் காசைத் தீர்மானிக்கும் அறிவு இல்லாமற் போகாது. சண்டை வரும், வரட்டும். பெயர்ப்பலகையோடு ஒருவரும் சண்டையிட முடியாது என்பதே இன்றுள்ள குறை.

திறைசேரியிற் பணமேது என்று கேட்பார் உளர். 2022இன் நெருக்கடிக்குப் பின்னர் இது நியாயமான கேள்வியே. ஆயினும் ஒரே போகத்தின் தவறுக்கு 4,000 கோடி ரூபா இழப்பீட்டை அறிவிக்க முடிந்த திறைசேரி, குளத்துக்குப் பத்திலொரு பங்கு தர இயலாதென்று கூறும்போது, எனக்கு நம்பிக்கை வருவதில்லை. வெளிநாட்டு உதவியால் சில ஆற்றுப் படுகைகளிலே குளத்தொடர்கள் புனரமைக்கப்பட்டு வருகின்றன, அவற்றை வரவேற்கிறேன். ஆயின் உதவித் திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு. குளத்துக்கு அத்தகைய திகதி இல்லை. ஆண்டுதோறும் வரும் மழைக்கு ஆண்டுதோறும் வரும் சிறு தொகையே பொருத்தமானது.

இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாடசாலைக்கு அண்மையிலுள்ள குளத்தைப் பார்க்கச் செல்லுங்கள். அதன் மேற்காடு எவ்வளவு எஞ்சியுள்ளது, வான் எவ்வாறு உள்ளது, சென்ற மாரியில் நீர் எம்மட்டம் வந்தது என்பனவற்றை ஒரு கொப்பியிலே ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். கூட்டத்தில் விவாதிக்கும் கமக்காரருக்கு அக்கொப்பி பெருந்துணையாகும். விவாத அரங்குக்கும் அது பொருள் தரும்.

அன்றைய அரங்கிலே நாம் அளித்த தீர்ப்பை மாற்றுமாறு நான் கேட்கவில்லை. நன்றாகப் பேசினோர் பரிசு பெற்றனர். மாற வேண்டியது விவாதப் பொருளே. கமத்துக்கா காவலுக்கா என்று மாணவரை இரு வாங்குகளிலே எதிரெதிரே அமர்த்தியபோது, இரண்டும் வெவ்வேறு என்பதை நாமே முன்கூட்டி முடிவு செய்துவிட்டோம். வரவு செலவுத் திட்டம் வகுப்போரும் அதையே செய்கின்றனர்.

அம்மாணவிக்கு இப்பொழுது என் மறுமொழி இது: தங்கச்சி, உன் ஊர்க் குளத்தின் காசை எந்தப் பக்கத்தார் கணக்கிலும் எழுத வேண்டாம். அதற்கென்று தனியாக ஓர் ஏடு திறக்கச் சொல். அந்த ஏட்டை உன் ஊரவர் கையிற் கொடுக்கச் சொல். ஆண்டு முடிவிலே அது கூட்டத்தில் உரக்க வாசிக்கப்படுகிறதா என்று நீயே போய்க் கேள்.